திரும்பி வந்தவர் தூக்கி நிறுத்திய குழு

(“தோற்றுக்கொண்டிருக்கும் குழுவுக்குப் பழைய பயிற்றுநர் மருந்தாவாரா?” என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பள்ளிக் காற்பந்துக் குழுவைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு பழமொழியைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ‘பழைய குருடி, கதவைத் திறடி’ என்றார். குழு தோற்கிறது, என்ன செய்வதென்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை, உடனே முன்பு வேலை பார்த்தவரையே தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள், இது சிந்திக்கச் சோம்பல்படுபவர்கள் செய்யும் வேலை என்பது அவருடைய வாதம். அடுத்துப் பேசிய சகோதரி அதை மறுத்தார். அனுபவத்துக்கு ஈடு இணை ஏது, வீட்டின் எந்த மூலையில் ஒழுகும் என்பது அங்கே குடியிருந்தவருக்குத்தானே தெரியும் என்று கேட்டார்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். நழுவுவதற்காக அல்ல. பழைய பயிற்றுநர் ஒருவர் திரும்பி வந்து ஒரு குழுவைத் தூக்கி நிறுத்தியதை என்னுடைய பதினொன்றாவது வயதில் பார்த்தேன். பிற்காலத்தில் நானே திரும்பி வந்த பயிற்றுநராக இருந்து, அதில் பாதியில் தோற்றும் இருக்கிறேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

பன்னிரண்டு ஆண்டு ஏக்கம்

இளைய நேயர்களுக்காக ஒரு வார்த்தை. இன்று நம் பிள்ளைகள் இங்கிலாந்துக் குழுக்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அன்று எங்களுக்கு இருந்தது மலேசியக் கிண்ணம். 1921ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி அது. சிங்கப்பூர் அதை மொத்தம் 24 முறை வென்றிருக்கிறது. சிலாங்கூரோடு ஆட்டம் என்றால் காப்பிக்கடையில் இரண்டு நாளைக்கு வேறு பேச்சே இருக்காது.

ஆனால், நான் பிறந்த காலம் அப்படிப்பட்ட காலம் அல்ல. 1964லும் 1965லும் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. 1975ல் இறுதியாட்டம் வரை போய்ச் சிலாங்கூரிடம் 1-0 என்று தோற்றது. 1976ல் மறுபடியும் இறுதியாட்டம், மறுபடியும் சிலாங்கூர். இந்த முறை 3-0.

இரண்டு முறை இறுதியாட்டத்துக்குப் போன குழுவைத் தள்ளாடும் குழு என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம். கடைசி இடத்தில் இருக்கும் குழுவுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. வாசல்வரை போய் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட குழுவுக்கோ, நமக்கு இது கிடைக்காது என்ற எண்ணம் உள்ளே ஊறிவிடும். திறமைக் குறைவைப் பயிற்சியால் சரிசெய்யலாம். அந்த எண்ணத்தைச் சரிசெய்வதுதான் கடினம்.

அந்த நேரத்தில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நடேசன் கணேசன். தொழிலால் வழக்கறிஞர். குழுவைத் தூக்கி நிறுத்த அவர் நாடியது புதிய முகத்தை அல்ல. அறுபது வயதைத் தாண்டிவிட்ட சூ செங் குவீயை மீண்டும் அழைத்தார்.

‘அங்கிள் சூ’

1914ல் பிறந்தவர் சூ செங் குவீ. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் அவரை ‘அங்கிள் சூ’ என்றே அழைத்தார்கள். இளமையில் ஆட்டக்காரர், பிறகு பயிற்றுநர். இந்தோனேசியாவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். மலாயாக் குழு 1961ல் ரங்கூனில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டியில் தங்கமும், 1962ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலமும் வென்ற காலத்தில் அதன் பயிற்றுநர் அவர்தான். சிங்கப்பூர்க் குழுவுக்கும் அவர் புதியவர் அல்லர். முன்பே வந்தவர், போனவர், மறுபடி வந்தவர். நம் நண்பரின் பழமொழி யாருக்காவது பொருந்துமென்றால் அவருக்குத்தான் முதலில் பொருந்தியிருக்க வேண்டும்.

அவர் கண்டிப்பானவர். அவர் சொன்ன நேரம் என்றால் நேரம்தான். பயிற்சிக்கு வரும் ஆட்டக்காரர்களைத் தேசிய கீதம் பாடவைப்பவர் என்று அவரைப் பற்றி இன்றும் சொல்வார்கள். அக்காலத்து ஆட்டக்காரர்கள் இன்றுபோல் முழுநேரத் தொழிலாகக் காற்பந்து ஆடியவர்கள் அல்லர் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் ஒரு வேலை, வேலைக்கு முன்னும் பின்னும் பயிற்சி. அப்படிப்பட்டவர்களிடம் கண்டிப்புக் காட்டுவது எளிதல்ல. சம்பளம் கொடுப்பவன் அதட்டலாம். சம்பளம் கொடுக்காதவன் அதட்ட வேண்டுமானால், அந்தப் பிள்ளைகள்மேல் அவனுக்கு அக்கறை இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் நான் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கிள் சூ திரும்பி வந்தபோது 1965ஆம் ஆண்டின் குழு அவருக்காகக் காத்திருக்கவில்லை. முன்வரிசையில் மின்னல்போல் ஓடிய குவா கிம் சோங் 1965ல் பள்ளிச் சிறுவன். பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டதுபோல் ஆடிய டோலா காசிம், தற்காப்பில் மதில்போல் நின்ற குழுத் தலைவர் சமது அல்லாப்பிச்சை எல்லாரும் அடுத்த தலைமுறை. சமது அல்லாப்பிச்சை! பெயரைக் கேட்டாலே நம் பக்கத்து வீட்டுப் பெயராக இருக்கிறது அல்லவா? எங்கள் தொகுதியில் மலாய்க்காரர்களும் சீனர்களும் நாமும் ஒரே குழுவுக்காகக் கத்தியதற்கு அந்தப் பெயர்ப் பட்டியலும் ஒரு காரணம்.

அந்தப் புதிய பிள்ளைகளின் கால்களைப் பார்த்து, அவர்களுக்கு ஏற்றபடிதான் அவர் குழுவை அமைக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர் பழைய மனிதர். அவர் வந்து சேர்ந்த இடமோ புதிய இடம்.

மார்ச் மாதத் தோல்வியும் மே மாத வெற்றியும்

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. 1977 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டங்கள் சிங்கப்பூரிலேயே நடந்தன. தாய்லாந்தை 2-0 என்றும் மலேசியாவை 1-0 என்றும் வென்றோம். இந்தோனேசியாவிடம் 4-0 என்று தோற்றோம். அப்படியும் முடிவு ஆட்டத்துக்குப் போய், ஹாங்காங்கிடம் 1-0 என்று தோற்றோம். அதுவும் சொந்தத் திடலில், சொந்த மக்கள் கண்முன்னால். என் அப்பா அன்று இரவு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனது எனக்கு நினைவிருக்கிறது.

இதுபோன்ற தோல்விக்குப் பிறகு நிர்வாகங்கள் வழக்கமாக என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். ‘கிழவருக்கு வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பார்ப்போம்’ என்று கிளம்பிவிடும். அன்று அப்படி நடக்கவில்லை. மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதே ஆண்டு மே மாதம் 28ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், பினாங்குக்கு எதிரான மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் அதே அங்கிள் சூவின் குழு களமிறங்கியது.

எங்கள் வீட்டில் வானொலிதான். கூடத்தில் இடம் போதாமல் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டது. வர்ணனை மலாய் மொழியில். எனக்குப் பாதி புரியாது, பக்கிச்சி... பக்கத்து வீட்டு மாக்சிக்தான் விளக்கிச் சொல்வார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 3-2 என்று சிங்கப்பூர் வென்றது. அதில் இரண்டு கோல் குவா கிம் சோங் போட்டது. வெற்றி கோலும் அவருடையதுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் வீடு திரும்பியது. கீழ்த்தளத்தில் யாரோ தகர டப்பாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்கள். அன்று இரவு எங்களை யாரும் தூங்கச் சொல்லவில்லை.

அந்த வெற்றிக்கு அங்கிள் சூ கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். குழுவைத் தயார் செய்த காலத்தில் அவருடைய காலில் காயம் ஏற்பட்டது. தம் உடம்பைக் கவனிக்காமல் பயிற்சியிலேயே மூழ்கியிருந்தார். காயம் முற்றி, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 1983ல் அவர் காலமானார். பிள்ளைகளின் கால்களைப் பார்த்தே வாழ்ந்தவர் தம் காலைப் பார்க்கவில்லை. இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லிப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. சுற்றி இருந்தவர்கள் அவரைக் கட்டாயப்படுத்தியாவது மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கக் கூடாதா என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

அன்பால் ஆகக்கூடியது எவ்வளவு?

இப்போது இன்னொரு பக்கம். அரங்கில் சிவப்புச் சட்டை அணிந்த இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். உங்கள் லிவர்ப்பூலின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

கென்னி டால்கிளிஷ் 1991ல் லிவர்ப்பூல் நிர்வாகிப் பொறுப்பிலிருந்து விலகினார். இருபது ஆண்டு கழித்து, 2011 ஜனவரியில், குழு லீக் பட்டியலில் 12ஆம் இடத்தில் கிடந்தபோது அவரைத் திரும்ப அழைத்தார்கள். அவர் திடலோரத்தில் வந்து நின்றதுமே ரசிகர்களின் முகம் மாறியது, ஆட்டமும் மாறியது. பருவம் முடியும்போது குழு 6ஆம் இடம். அடுத்த பருவத்தில் லீக் கிண்ணத்தையும் வென்றார்கள். ஆறு ஆண்டுகளில் கிடைத்த முதல் கிண்ணம் அது. எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்துக்கும் போனார்கள், செல்சியிடம் தோற்றார்கள். ஆனால் லீக்கில் 8ஆம் இடம்தான். 2012 மே மாதம் அவருடைய வேலை போய்விட்டது.

டால்கிளிஷ் தோற்றுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பி வருபவர்மேல் ரசிகர்கள் வைத்திருக்கும் அன்பு குழுவை அரைப் பருவத்துக்குத் தூக்கிவிடும் என்பதற்கு அவர் சாட்சி. அந்த அரைப் பருவத்துக்குப் பிறகு அன்பு மட்டும் போதாது என்பதற்கும் அவரே சாட்சி. யாரை வாங்குவது, யாரை எங்கே ஆடவைப்பது, இன்றைய எதிரணி எப்படி ஆடுகிறது என்ற அன்றாடக் கணக்குகள் வந்துவிடும். அந்தக் கணக்கில் பழைய புகைப்படங்களுக்கு மதிப்பெண் கிடையாது.

பண்டசாலைச் சுவரில் ஒரு புகைப்படம்

புகைப்படம் என்று சொன்னதும் என் கதைக்கு வந்துவிடுகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே ஆறு ஆண்டுகள் காற்பந்துக் குழுவைக் கவனித்தேன். ஓர் ஆண்டு வட்டாரப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தோம். அந்தப் பள்ளிக்கு அது பெரிய விஷயம். பிறகு ஒரு மனக்கசப்பு. பொறுப்பை விட்டுவிட்டு, நான்கு ஆண்டுகள் திடல் பக்கமே போகாமல் இருந்தேன். குழு சரிந்துகொண்டே போனது. ஒரு பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ‘சார், நீங்கள்தான் மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். நான் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்ற மிதப்பு.

வந்த முதல் நாளே, மூன்றாம் இடம் பிடித்த குழுவின் புகைப்படத்தைத் தேடி எடுத்துப் பந்துகள் வைக்கும் பண்டசாலைச் சுவரில் மாட்டினேன். ஒவ்வொரு பயிற்சியிலும் அந்தப் பையன்களைப் பற்றியே பேசினேன். அவர்கள் எப்படி ஓடினார்கள், எவ்வளவு நேரத்துக்கு முன்னால் வந்தார்கள் என்று ஒப்பித்தேன். அவர்கள் ஆடிய அதே முறையில் இவர்களை ஆடச் சொன்னேன். இரண்டு ஆட்டம் ஆடினோம், இரண்டிலும் தோற்றோம்.

அந்த மாதத்தில்தான் ஒரு பையனைக் குழுவிலிருந்து நீக்கினேன். இடப்பக்கம் ஆடுபவன். நல்ல வேகம். ஆனால், பயிற்சிக்குத் தொடர்ந்து தாமதமாக வந்தான். மூன்றாவது முறை தாமதமானதும், ‘இனி நீ வர வேண்டாம்’ என்றேன். ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை. அங்கிள் சூவின் கண்டிப்பைப் பின்பற்றுவதாக என் மனத்தில் எண்ணம்.

அடுத்த வாரம் பண்டசாலையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ஒரு பையன், புகைப்படத்தைப் பார்த்தபடியே கேட்டான். “சார், சனிக்கிழமை ஆட்டத்துக்கு இவங்கதான் வந்து ஆடப்போறாங்களா?”

அவன் கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு வலித்தது.

அன்று சாயங்காலம் புகைப்படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் பயிற்சி நடத்தவில்லை. பையன்களை வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரையும் விசாரித்தேன். வீடு எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், பயிற்சி முடிந்து வீட்டுக்கு எப்படிப் போகிறாய், எந்த இடத்தில் ஆடப் பிடிக்கும். இரண்டு பேர் மதியம் சாப்பிடாமலே பயிற்சிக்கு வருவது அப்போதுதான் தெரிந்தது. தற்காப்பில் நான் நிறுத்திவைத்திருந்த ஒருவன் தொடக்கப் பள்ளியிலிருந்தே கோல்காவலராக ஆடியவன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் நீக்கிய பையன் பள்ளி முடிந்ததும் அம்மாவின் உணவுக்கடைக்குப் போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தவன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவன் கூட்டாளிகள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது.

அவனைத் தேடிப் போனேன். அந்த உணவங்காடிக்கே போய் அவனிடமும் அவன் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். பையன் மரியாதையாகத் தலையாட்டினான். ஆனால், அவன் திரும்பி வரவில்லை. நான் திரும்பி வந்தேன், அவன் வரவில்லை.

அந்தப் பருவத்தில் நாங்கள் கிண்ணம் எதுவும் வெல்லவில்லை. மீதி ஆட்டங்களில் இரண்டில் வென்றோம், ஒன்றில் சமநிலை கண்டோம். ஆனால், அதற்குப் பிறகு ஒரு பையன்கூடக் குழுவை விட்டுப் போகவில்லை. என் கணக்கில் அதுதான் அந்த ஆண்டின் வெற்றி.

யார் என்ன செய்ய வேண்டும்?

ஆகவே, நெறியாளர் அவர்களே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

திரும்பி வரும் பயிற்றுநர் பழைய நாளைத் திருப்பிக் கொண்டுவர வரக் கூடாது. அது யாராலும் முடியாது. திடலில் இன்று நிற்கும் பிள்ளைகளுக்காக வர வேண்டும். வீட்டின் எந்த மூலையில் ஒழுகும் என்பது பழையவருக்குத் தெரியும் என்று சகோதரி சொன்னது உண்மை. ஆனால், அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களைக் கேட்காமல் கூரையைப் பிரிக்கக் கூடாது. கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கிள் சூவிடம் நான் எடுத்துக்கொண்டது கண்டிப்பை மட்டும். அந்தக் கண்டிப்புக்கு அடியில் இருந்த அக்கறையை எடுத்துக்கொள்ளத் தவறினேன்.

அழைக்கும் நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அழைத்தால் பொறுத்திருங்கள். மார்ச் மாதத் தோல்வியைப் பொறுத்துக்கொண்டவர்களுக்குத்தான் மே மாதம் கிண்ணம் கிடைத்தது. அண்டை நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2010 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே மலேசியா இந்தோனேசியாவிடம் 5-1 என்று தோற்றது. பயிற்றுநர் கே. ராஜகோபால் பதறவில்லை. அதே மாத இறுதியில் அதே இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று கிண்ணத்தை எடுத்தார்.

பொறுத்திருப்பதோடு இன்னொரு கடமையும் உண்டு. திரும்பி வருபவர் எப்போதும் இருக்கப் போகிறவர் அல்லர். அவர் இருக்கும்போதே அடுத்தவரைத் தயார் செய்ய வேண்டும். சிங்கப்பூர் மறுபடியும் கிண்ணத்தை வென்றது 1980ல். அப்போது பயிற்றுநர் அங்கிள் சூ அல்லர், ஜிதா சிங். 2025 நவம்பரில் ஹாங்காங்கில் நம் தேசியக் குழு 2-1 என்று வென்று, 2027ஆம் ஆண்டின் ஆசியக் கிண்ணப் போட்டிக்குத் தகுதிபெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி அந்த இடத்தை நாம் பெற்றது அதுவே முதல் முறை. அன்று குழுவை வழிநடத்திய கேவின் லீ முப்பதுகளில் இருந்த உள்ளூர்க்காரர். 1977ல் ஹாங்காங்கிடம் தோற்ற இரவில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த என் அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் அன்று ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டிருப்பார்.

கடைசியாக, நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இது காற்பந்துக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. பழைய அலுவலகத்துக்குத் திரும்பும் மேலாளர், சமூக மன்றத்துக்குத் திரும்பும் செயலாளர், பல ஆண்டு வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் தகப்பனார், எல்லாரும் ஒரு வகையில் திரும்பி வரும் பயிற்றுநர்கள்தான். உள்ளே நுழைந்ததும் பழைய புகைப்படத்தை மாட்டாதீர்கள். இப்போது இருப்பவர்களை உட்காரவைத்து, ‘சாப்பிட்டாயா, ஏன் தாமதம்?’ என்று கேளுங்கள். நான் அந்தக் கேள்வியை ஒரு மாதம் தாமதமாகக் கேட்டேன். அதனால் ஒரு பிள்ளையை இழந்தேன்.